ஏழாவது மாடிக் கொக்கு

சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே இஸ்திரி ஆவி எழும்போதெல்லாம் மேலே தரை வெதுவெதுப்பாகும். அந்தத் தரையில், பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைக்கும் காப்பாளர் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காருவார். உட்கார்ந்த கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போவார். தெருவில் ஏதாவது வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பார்.

"சார், நீங்க இப்படியே நடந்தா கீழ இருக்கிறவருக்கு இஸ்திரிப் பெட்டியே வேணாம். உங்க மிதியில துணி தானா மடிஞ்சுடும்," என்றான் கொழுந்தன்.

யாருக்குக் கொழுந்தன் என்று கேட்பீர்கள். அலமாரிக்கு முன்னால் கைகட்டிப் பேசாமல் நிற்கிறாளே, அந்த அம்மாளின் கணவனுக்குத் தம்பி. இவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். ஒரு கூரியர் கம்பெனியில் காணாமல் போன பார்சல்களைத் தேடும் வேலையில் இருந்தவள். வேலையை விட்ட பிறகு, காணாமல் போன எதையும் தேடித் தருகிறாள். கொழுந்தனுக்கு நாற்பது வயது. வண்டி ஓட்டுவான், பை தூக்குவான், வாயை மட்டும் சும்மா வைத்திருக்க மாட்டான்.

அலமாரி நிறையப் பழைய வீடியோ கேம் கேசட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை. கடைகள் தூக்கிப் போட்டதையும் வீடுகள் மறந்துபோனதையும் தேடித் தேடிச் சேர்த்து, துடைத்து, ஓடவைத்து, யார் வந்து கேட்டாலும் உட்காரவைத்து விளையாட விடுவார் காப்பாளர். அதற்குத்தான் வந்திருந்தது வினை.

"அந்தக் கம்பெனி வக்கீல் என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"கலங்கரைங்கிற விளையாட்டோட உரிமை முழுக்க அவங்க கம்பெனியோடதாம். அசலும் அவங்ககிட்ட பத்திரமா இருக்காம். அதனால நான் வெச்சிருக்கிறது பாதுகாப்பு இல்லையாம், திருட்டாம். சாயங்காலம் வண்டி வரும். அந்தக் கேசட்டோட சேர்த்து இந்த அலமாரி மொத்தத்தையும் குடுத்துட்டா கேஸ் இல்ல. குடுக்கலைன்னா கோர்ட்டு."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவாங்க?"

"நொறுக்கிடுவாங்க." சொல்லும்போது அவர் கை தானாகப் போய் ஒரு துணிப்பையைத் தொட்டது. "இந்த விளையாட்டுக்கு உலகத்துல இருக்கிற ஒரே கேசட்டு இதும்மா. அவங்ககிட்ட அசலே கிடையாது. இதைச் செஞ்ச பழைய கம்பெனி எப்பவோ மூடியாச்சு, சாமானெல்லாம் பழைய இரும்புக்குப் போச்சு. இவங்க வாங்கினது வெறும் உரிமைப் பத்திரம்."

"அப்போ போன வருஷம் ஆன்லைன்ல வித்தாங்களே, அது எங்க இருந்து வந்துச்சு?"

காப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். இந்த முறை தெருவில் வண்டி எதுவும் நிற்கவில்லை. அண்ணி அதைக் கவனித்ததைக் கொழுந்தன் கவனித்தான்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாத்தா, இந்தக் கேசட்டோட நகலான்னு தெரிஞ்சுடும். அவங்க வித்ததுல ஒண்ணு வாங்கினீங்களா?"

"முதல் நாளே வாங்கினேன். ஆனா திறக்கலை."

"ஏன்?"

"சேர்த்து வைக்கிறவங்க பழக்கம்மா. விளையாட ஒண்ணு, வைக்க ஒண்ணு. இது வைக்கிறதுக்குன்னு வாங்கினது. பிரிக்காம வெச்சிருந்தேன்."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதையா பிரிக்காம வெச்சீங்க?" என்றான் கொழுந்தன். "பாச்சை உருண்டை போட்டீங்களா சார்?"

காப்பாளர் சிரிக்கவில்லை. போன மாதம் ஒரு காலையில் பார்த்தபோது, விளையாட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்ததாம்: 'இந்தப் பொருள் இப்போது கிடைப்பதில்லை.' அவருக்கு மட்டுமல்ல. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரிடமிருந்தும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். புதிதாக மேல்பூச்சுப் பூசி, வேறு நாலு விளையாட்டோடு சேர்த்து இன்னொரு தடவை விற்கப் போகிறார்களாம்.

"காசை வாங்கிப் போட்டுக்கிட்டு, ஆளில்லாத நேரத்துல வீடு புகுந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. விசாரிச்சா, வீடே அவங்களுதுன்னு சொல்றாங்க," என்றான் கொழுந்தன்.

அண்ணி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "எல்லாருகிட்ட இருந்தும் எப்படி எடுக்க முடியும்?"

"மெஷின் நெட்டுல சேர்ந்ததும் கம்பெனியைக் கேக்கும். கம்பெனி அழின்னு சொன்னா அழிச்சுடும்."

"போன மாசத்துல இருந்து நெட்டுல சேராத மெஷின் ஒண்ணு இருந்தா?"

"அதுல இன்னும் இருக்கும். ஆனா அதைத் தேடி எப்படிம்மா போறது? இருக்கா பாருங்கன்னு யாரையாவது கேட்டா, பாக்கிறதுக்கு ஆன் பண்ணுவாங்க. ஆன் பண்ணினதும் அதுவா நெட்டுக்குப் போகும். போனா போச்சு."

"கேட்டாலே செத்துப் போற சாட்சி, அண்ணி," என்றான் கொழுந்தன். "நம்ம தொழிலுக்கு இது புதுசு."

"வண்டியை எடு."

பாலத்தடியில் இருந்தது அந்தப் பழுது பார்க்கும் கடை. விளையாட்டு மெஷின் கெட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கேதான் போவார்கள். கடைக்காரர் தலைக்கு மேலே ஒரு பலகை, பலகை முழுக்க ஆட்கள் வந்து வாங்காமல் விட்ட மெஷின்கள். கொழுந்தனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இதெல்லாம் எத்தனை நாளா சும்மா கிடக்குதுங்க?"

"மாசக் கணக்கா கிடக்குது. ஆனா பாருங்க, சும்மா போட மாட்டேன்." கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "வாரம் ஒரு தடவை எல்லாத்தையும் நெட்டுல சேர்த்து அப்டேட் பண்ணிடுவேன். நம்ம கடை வழக்கம். அதுக்குத் தனியா காசும் கிடையாது."

கொழுந்தன் பலகையைப் பார்த்தான். "புண்ணியவானே. ஒண்ணு விடாம முடிச்சுட்டீங்களே."

"என்னத்தை?"

"அது கிடக்கட்டும்," என்று அண்ணி குறுக்கே வந்தாள். "இங்க கொண்டு வந்துட்டு, ரிப்பேர் பண்ணாம திரும்ப எடுத்துட்டுப் போனவங்க யாராவது உண்டா?"

கடைக்காரர் கை கன்னத்துக்குப் போயிற்று. கோபம் இன்னும் ஆறவில்லை போலும்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பொம்பளை வந்துச்சும்மா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கொஞ்ச நாள் இங்க வெச்சுக்கிட்டு, கேட்டா ரிப்பேர்னு சொல்லுங்கன்னு சொல்லிச்சு. நான் பொய் சொல்ற ஆள் இல்லம்மான்னேன். போகும்போது சும்மா போகலாம்ல? என் வாயையே பாத்துட்டு, மேல் வரிசையில அந்தப் பல்லு கட்டினதுதானே, சரியா கட்டலைங்க, கடிக்கிறப்போ முதல்ல அதுதான் இடிக்கும்னு சொல்லிட்டுப் போகுது."

"இடிக்குதா?" என்றான் கொழுந்தன்.

"இடிக்குது."

"எதுல வந்தாங்க?" இது அண்ணி.

"நடந்துதான். மெஷினைக் குழந்தை மாதிரி இடுப்புல வெச்சுக்கிட்டு."

வெளியே வந்ததும் கொழுந்தன் விரலைச் சொடுக்கினான். "பல் டாக்டர், அண்ணி."

"டாக்டரா இருந்தா வந்து காட்டுங்கன்னு சீட்டு நீட்டியிருப்பா. இவ வேலை சரியில்லைன்னு சொல்லியிருக்கா. அதே வேலையைக் கையால செய்யறவங்களுக்குத்தான் அந்த எரிச்சல் வரும். டாக்டருங்க அளவு எடுத்து அனுப்புவாங்க, பல்லைக் கட்டித் தர்ற லேப் தனி. அந்தக் கனத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு அதிகமா ரெண்டு தெரு நடப்பா. பாத்துக்கிட்டே போ."

இரண்டாவது தெரு முனையில் பலகை தெரிந்தது. பல் செட் கட்டித் தரும் லேப். உள்ளே சுவர் நெடுக பிளாஸ்டர் தாடைகள், அத்தனையும் வாய் பிளந்துகொண்டு. நடுவில் ஒரு பெண், முழங்கை வரை வெள்ளைப் பொடி, கிண்ணத்தில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேம் மெஷின் விஷயமா வந்தோம்," என்றாள் அண்ணி.

"தப்பான இடத்துக்கு வந்திருக்கீங்க. இங்க பல்லு மட்டும்தான்."

அண்ணி பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாப் பெட்டியின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மூலையில் இருந்த ஒன்று மட்டும் நேற்றுத் துடைத்தது போலிருந்தது. "அது யாரோட பல்லு?"

"ஒரு பெரியவரோடது."

"அத்தாம் பெரிய பெட்டியா?" என்றான் கொழுந்தன். "பெரியவர் சிரிச்சா காது ரெண்டும் எங்க போகும்?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கியதில் கண்ணும் கலங்கிவிட்டது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ராத்திரியெல்லாம் விளையாடிவிட்டு, பகலில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்கிறவன். ஒரு நாள் அங்கேயே கண் அசந்துவிட்டான். கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

"சண்டை போட்டா கேக்க மாட்டாரு. அதான் கெட்டுப் போச்சு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆளைக் கேக்கிற மாதிரி தினமும் கேக்கிறாரு, எப்படி இருக்கு, எப்ப வரும்னு. இப்ப நீங்க அதை வெளிய எடுத்தா என் பொழப்பு சிரிப்பா சிரிச்சுடும்."

அண்ணி எதையும் மறைக்காமல் சொன்னாள். காப்பாளர், அலமாரி, சாயங்காலம் வரப்போகும் வண்டி. எல்லாரிடமிருந்தும் கம்பெனி எடுத்துக்கொண்டதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்தாள்.

"அந்தக் கலங்கரை விளையாட்டையா? அது அவரு பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் குடுத்ததுங்க. நான் பூட்டி வைக்கலாம். அவங்க யாரு எடுக்கிறதுக்கு?"

பெட்டி கீழே இறங்கியது. பல்லை அளந்து பார்க்க வைத்திருந்த திரையை மெஷினோடு மாட்டினார்கள். கொழுந்தன் போய்க் காப்பாளரை அழைத்து வந்தான். அவர் பழைய கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அதை ஓட்டுகிற பழைய மெஷினையும் ஒரு சின்ன டிவியையும் பையில் தூக்கி வந்தார். வந்ததிலிருந்து வாசலுக்கும் மேசைக்குமாக அலைந்தார். மெஷினைத் திறக்கக் கணவனின் ரகசிய எண் வேண்டும். அவனைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலைச் சட்டையும் கிரீஸ் கையுமாக வந்து நின்றான் லிஃப்ட் மெக்கானிக். மெஷினைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சுற்றியிருந்த தாடைகளைப் பார்த்தான்.

"ரிப்பேர்னு சொன்னியே."

"உங்களைத்தான் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்."

"குடும்பச் சண்டையைச் சாயங்காலத்துக்கு மேல வெச்சுக்குங்க," என்றான் கொழுந்தன். "இப்ப நம்பரைப் போடுங்க."

அவன் ஆவலோடு பொத்தானை அழுத்தி எண்ணைப் போட்டான். திரை வெளிச்சமாயிற்று. மேல் மூலையில் ஒரு சின்னக் குறி சுற்றத் தொடங்கியது.

"இது என்ன தேடுது?" அண்ணியின் குரல் கூர்மையாயிற்று. "இங்க வைஃபை இல்லையே."

"என் போனாத்தான் இருக்கும். லிஃப்ட் சோதிக்கிற டேப்லெட்டுக்கு நெட்டு வேணும், அதனால ஹாட்ஸ்பாட் எப்பவும் போட்டே வெச்சிருப்பேன். இதுக்கும் அதுலதான்..."

சொல்லி முடிக்கவில்லை. கொழுந்தன் அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் போனைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த பிளாஸ்டர் கிண்ணத்துக்குள் மணிக்கட்டு வரை அமுக்கினான். குறி சுற்றியது. இன்னும் சுற்றியது. காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குறி மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்து அப்படியே நின்றது.

"என் போன்," என்றான் மெக்கானிக்.

"கையை எடுங்க, இறுகிடும்," என்றாள் அவன் மனைவி கொழுந்தனிடம். "போனுக்குத் தாடை கட்டிட்டீங்க."

மெஷினில் வைஃபையை அணைத்துவிட்டு ஆட்டத்தைத் தேடினார்கள். இருந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியில் விளக்கேற்றும் ஆள் ஒருவன் நின்றான். மேலே ஏறிப் போய்த் திரியைத் தூண்டினால்தான் கப்பல்கள் கரை சேரும். மெக்கானிக்கையே இரண்டிலும் ஏறச் சொன்னாள் அண்ணி. முதலில் பழைய கேசட். மாடிக்கு மாடி கடல் காக்கைகள் குறுக்கே பறந்தன. ஏழாவது மாடியில் பறவை இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த கண்ணாடி போல வெறும் சதுரங்கள் நெளிந்தன.

"கேசட்ல அந்த இடம் மட்டும் அரிச்சுப் போச்சு," என்றார் காப்பாளர், யாரும் கேட்காமலே.

அடுத்து கம்பெனி விற்றது. ஆறு மாடியும் அச்சு அசல் அதேதான். ஏழாவது மாடி வந்தது. சதுரங்கள் இல்லை. ஒரு பறவை முழுசாக, வெள்ளையாக நின்றது.

உடைந்த கேசட்டிலிருந்து உடையாத பறவை வராது. அப்படியானால் வக்கீல் சொன்னது உண்மை. அசல் அவர்களிடம்தான் இருக்கிறது. இத்தனை ஓட்டமும் அந்தக் கம்பெனிக்குச் சாட்சி தேடிக் கொடுப்பதற்கா என்று கொழுந்தன் நொந்துகொண்டான். அவனுக்கே ஒரு நக்கலும் வரவில்லை.

"இந்தக் கொக்கு மட்டும் எனக்கு எப்பவும் ஒரு மாதிரி," என்றான் மெக்கானிக், திரையிலிருந்து கண் எடுக்காமல். "மத்ததெல்லாம் கடல் காக்கா. நடுக்கடல்ல கொக்கு எங்க இருந்து வரும்? அதுவும் ஒத்தைக் கால்ல. இதை மட்டும் வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கும்."

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. காப்பாளரைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் சார் ஆச்சரியப்படல?"

அவர் கேசட்டை மேசையில் வைத்தார்.

"நான் வரைஞ்சதும்மா. அந்த ஓட்டையைப் பாத்துப் பாத்து மனசு கேக்கல. எங்க தொழில்ல அதைச் செய்யவே கூடாது. இருக்கிறதை இருக்கிறபடி வைக்கணும். ஆனா கேசட்டை நகல் எடுத்து அதுல வரைஞ்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை நெட்டுல போட்டேன், நாலு பேரு விளையாடட்டும்னு. பயந்து போய் மறுநாளே எடுத்துட்டேன். அதுக்குள்ள கம்பெனிக்காரங்க இறக்கிக்கிட்டாங்க."

"இதை ஏன் காலையிலேயே சொல்லல?" என்றான் கொழுந்தன்.

"கொக்கு என்னுதுன்னு சொன்னா நகல் போட்டதும் நான்தானே. அலமாரியும் போகும், கேஸும் வரும்."

பல் கட்டுகிறவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வரைஞ்சது தப்பில்லைங்க. நானும் இல்லாத பல்லுக்குத்தான் பல்லு கட்டறேன். அடியில ஒரு குறி போட்டுடுவேன், இது கட்டினதுன்னு. நீங்க குறி போட்டீங்களா?"

"இல்ல."

"அதான் அவங்க அசல்னு நம்பிட்டாங்க."

அந்தச் சொல்லில் அண்ணி நிமிர்ந்தாள். "நம்பிட்டாங்க. அவங்களுக்கே தெரியாது." தன் போனை எடுத்தாள். "சார், உங்களைக் காப்பாத்த நான் பொய் சொல்ல மாட்டேன். நகல் போட்டதை நீங்க ஒத்துக்கத்தான் வேணும். கூப்பிடவா, வேணாமா?"

காப்பாளர் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். "கூப்பிடுங்க."

வக்கீலின் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"அசல் உங்ககிட்ட இருந்தா குடுத்துடறோம் சார். ஒரே ஒரு கேள்வியில அதைத் தெரிஞ்சுக்கிறோம்."

வக்கீல் சிரித்தார். "தாராளமா கேளுங்கம்மா."

"ஏழாவது மாடியில நிக்கிற பறவைக்கு எத்தனை கால்?"

காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டார்கள். பிளாஸ்டர் கிண்ணத்தை மெக்கானிக் விரலால் தட்டிப் பார்த்தான், கல்லாகியிருந்தது. பாட்டு நின்றது.

"ஒரே கால். வெள்ளைக் கொக்கு. எங்க ஆளுங்க அசலைத் திறந்து வெச்சுப் பாத்துச் சொல்றாங்க. எழுதிக் குடுக்கவும் தயார்."

"எழுதியே அனுப்புங்க."

அடுத்த மூச்சில் செய்தி வந்து விழுந்தது. அண்ணி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, போனைக் காப்பாளர் பக்கம் நகர்த்தினாள்.

"சார்," என்றார் அவர். "அந்தக் கொக்கை வரைஞ்சது நான். கேசட்டுல அரிச்சுப் போன இடம் ரொம்பக் குறுகல். ரெண்டாவது கால் வைக்க இடம் இல்ல. அதான் கொக்கா வரைஞ்சேன். படிப்படியா வரைஞ்சது அத்தனையும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. நெட்டுலயே சேராத தனிக் கம்ப்யூட்டர்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "நகல் போட்டதை ஒத்துக்கிறீங்களா?"

"போட்டேன். நீங்க அதை எடுத்து அசல்னு சொல்லி வித்தீங்க."

"ரெண்டையும் சேர்த்தே கோர்ட்டுல சொல்லிடலாம் சார்," என்றாள் அண்ணி. "எங்களுக்குச் சம்மதம்."

வக்கீல் யாரிடமோ போனை மூடிக்கொண்டு பேசுவது மங்கலாகக் கேட்டது. "வண்டியைத் திரும்பச் சொல்லுங்க." திரும்பவும் இவர்களிடம், வேறு குரலில்: "கட்சிக்காரர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்."

"காசு குடுத்து வாங்கினவங்களுக்கு எப்பத் திரும்பக் குடுக்கிறதுன்னும் பேசிடுங்க."

போன் அணைந்தது. கொழுந்தன் கையில் ஒட்டிய பிளாஸ்டரை உரித்தபடி பெருமூச்சு விட்டான். "அண்ணி, ஒத்தைக் காலை வெச்சு ஒரு கம்பெனியையே தடுக்கி விட்டுட்டீங்க."

காப்பாளர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேசட்டைத் துணிப்பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தார், அவிழ்த்தார், மறுபடி இழுத்தார். "போனதும் முதல் வேலையா என் நகல்ல இருந்து அந்தக் கொக்கை எடுத்துடறேன். உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கட்டும். அதுதான் முறை."

"எடுக்காதீங்க சார்," என்றான் மெக்கானிக்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நாள் பூரா லிஃப்ட் கிணத்துக்குள்ள தனியா நிக்கிறவன் நான். மேல பாத்தா இருட்டு, கீழ பாத்தா இருட்டு. இதுல ஏழாவது மாடி வரைக்கும் ஏறுறதே, அங்க ஒருத்தர் நமக்காக நின்னுக்கிட்டிருக்காருன்னுதான்."

காப்பாளர் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"குறி மட்டும் போட்டுடுங்க," என்றாள் பல் கட்டுகிறவள், மெதுவாக. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துக் கணவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எட்டாவது மாடியில என்ன இருக்கு?"

"தெரியாது. அதுக்குள்ள ரிப்பேருக்குப் போயிடுச்சே."

"ஏறுங்க. நானும் பாக்கிறேன்."